தோன்றுவோரும் பேசுவோரும்: 'அல்ஜியர்ஸ் போர்' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

அரசதிகாரத்தைப் பொருளாகக் கொள்ளும் திரைப்படமொன்றில் ஒடுக்கப்பட்டோர் எத்தனைபேர் தோன்றுகின்றனர் என எண்ணிப்பார்ப்பது மட்டும் விமர்சனமாகாது. அவர்களுள் எவர் சிந்திப்பவராகவும் பேசுபவராகவும் சித்திரிக்கப்படுகின்றனர் என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும். இத்தாலிய நெறியாளர் ஜில்லோ பொன்ரெகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் போர்' (1966) இவ்வினாவுக்குத் தக்கதோர் உரைகல்லாகும்.

பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சிக்கெதிராக அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணி 1954 க்கும் 1957 க்குமிடையில் தலைநகரில் நடத்திய போராட்டமே படத்தின் பொருள். நடித்தோருள் மிகப் பெரும்பான்மையினர் தொழில்முறை நடிகரல்லாத அல்ஜீரிய மக்கள். போராட்டத் தலைவர்களுள் ஒருவரான சாடி யாசெவ் தயாரிப்பிற் பங்கேற்றதோடு, தம்மை அடியொற்றிய ஜவர் என்னும் பாத்திரத்தைத் தாமே ஏற்றார். குடியேற்ற நாட்டு மக்களைப் பின்னணித் திரளாகவே காட்டிவந்த ஐரோப்பிய சினிமா மரபிலிருந்து இது தெளிவானதொரு முறிவு என்பதில் ஐயமில்லை.

எனினும், குரல் படத்தில் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தொழில்முறை நடிகரான ழான் மார்ட்டின் ஏற்ற கேணல் மத்தியு பாத்திரமே அதிகாரத்தின் தருக்கத்தைப் பத்திரிகையாளருக்கு விளக்குகின்றது. பிரான்ஸ் அல்ஜீரியாவில் நிலைத்திருக்க வேண்டுமெனின், அதன் விளைவுகளையும் ஏற்றாக வேண்டும் என்பது அவரது வாதம். சித்திரவதை தனிமனிதக் கொடூரமன்று, ஆட்சிமுறையின் தேவை என்பதை அவர் வாயாலேயே வெளிப்படுத்தியமை படத்தின் பெருவெற்றி. அவருக்கு நிகரான எதிர்வாதத்தைச் சிறைப்பட்ட தலைவர் பென் மிஹிதி முன்வைக்கின்றார்.

பெண்களின் நிலையோ வேறு. குண்டு வைக்கச் செல்லும் மூன்று பெண்கள் கூந்தலைக் கத்தரித்து, ஐரோப்பிய உடை தரித்து, ஆயத்தமாகும் காட்சியில் பேச்சில்லை. முரசொலி மட்டுமே கேட்கின்றது. பின்னர் ஜவர் வந்து பணிகளைப் பகிர்ந்தளிக்கின்றார். வரலாற்றில் இச்செயலில் ஈடுபட்ட சொஹ்ரா ட்ரிஃப் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகச் சட்ட மாணவி. போராட்டத்தை அவர் ஏன் தெரிந்தெடுத்தார் என்பதைப் படம் கேட்கவில்லை.

சோதனைச் சாவடியில் அரசு மனிதரைத் தோற்றத்தைக் கொண்டே இனங்காண்கின்றது; அப்பார்வையின் குருட்டுத்தன்மையைப் பயன்படுத்தியே அப்பெண்கள் கடந்து செல்கின்றனர். படமும் அவர்களைப் பெரிதும் தோற்றமாகவே காண்பதுதான் அதன் உள்முரண்பாடு. 1960 டிசம்பர் ஆர்ப்பாட்டத்தைக் காட்டும் இறுதிக் காட்சியிலும் கொடியேந்தி ஆடும் பெண்ணொருத்தி தேசத்தின் குறியீடாகிறாள். குறியீட்டுக்குக் கோரிக்கைகள் இருப்பதில்லை.

இது வெறும் அழகியற் குறைபாடன்று. விடுதலை பெற்ற அல்ஜீரியாவில் குடும்பச் சட்ட வரைவை எதிர்த்து 1981 இல் முன்னாள் பெண் போராளிகளும் வீதிக்கிறங்க நேர்ந்தது. 1984 இல் நிறைவேறிய சட்டமோ, பெண்ணின் திருமணத்துக்கு ஆண் பாதுகாவலரை வேண்டியதோடு, கணவனுக்குக் கீழ்ப்படிதலையும் அவளது கடமையாக்கிற்று. கீழ்ப்படிதல் விதி 2005 இலேயே நீக்கப்பட்டது. இதற்குத் திரைப்படமொன்றைப் பொறுப்பாக்குவது எமது நோக்கமன்று. போராட்டத்திற் பெண்ணின் உடலுழைப்பையும் துணிவையும் ஏற்று, அவளது அரசியற் சிந்தனையைப் புறந்தள்ளிய கருத்துநிலை கலையிலும் அரசிலும் ஒருங்கே தொழிற்பட்டது என்பதே எமது முடிவு. குடியேற்ற அரசின் முகமூடியைக் கிழித்த இப்படம், பிறக்கவிருந்த புதிய அரசின் மௌனங்களையும் தன்னுள் பதிவுசெய்துள்ளது. முற்போக்குக் கலையை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.