கேரல் ரவுண்ட்ஸ் எந்த வாசலில் நிற்கிறது?

டிசம்பர் பிறந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி மாவட்டச் சபைகளில் கேரல் ரவுண்ட்ஸ் பேச்சுத்தான். சேகரத்தை, அதாவது சபையின் எல்லைக்குட்பட்ட பகுதியை, தெருவாரியாகப் பிரித்து, வாலிபர் சங்கத்தார் லோடு ஆட்டோவில் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா முன்னால் ஆடிக்கொண்டு போவார். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், பிள்ளைகளுக்கு மிட்டாய். பிறகு வீட்டுக்காரர் காணிக்கைக் கவரை நீட்டுவார். சுற்று முடிய நள்ளிரவு தாண்டிவிடும்.

ஆலயம் மதிலைத் தாண்டி ஊருக்குள் வருவது இதில்தான் என்று பலரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி?

பலம் உண்மையானது. ஆலயத்துக்கு வர முடியாத முதியவர்கள் இந்த இரவுக்காகக் காத்திருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்வார்கள். பழைய கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினால், பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தவர்கூட அடுத்த அடியை முணுமுணுப்பார். மார்கழியில் பஜனைக் கோஷ்டி தெருவைச் சுற்றிவரும் மண் இது. பாடிக்கொண்டே வீதியில் நடப்பது இங்கே யாருக்கும் அந்நியமாகத் தோன்றியதில்லை.

குறை, சுற்று போகும் வழியில் இருக்கிறது. போக வேண்டிய வீடுகளின் பட்டியல் தயாராவது பெரும்பாலும் சபைச் சந்தா நோட்டை வைத்து. இரண்டு கிறிஸ்தவ வீடுகளுக்கு நடுவே ஓர் இந்துக் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தம் கேட்டு அந்த வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் ஓரம் வந்து நிற்கிறார். தாத்தாவைக் கண்டு குழந்தை கை நீட்டுகிறது. பாட்டு முடிந்ததும் குழு அவர்களைக் கடந்து மூன்றாவது வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பட்டியலில் அந்த வீடு இல்லை, அவ்வளவுதான். தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் இது இன்னும் கொடியது. பக்கத்துத் தெரு விசுவாசிகளின் வீட்டுக்குக்கூட ஆட்டோ திரும்புவதில்லை. லூக்கா நற்செய்தியில் பிறப்பின் செய்தி முதலில் போனது ஆலயத்தாருக்கு அல்ல, வயல்வெளியில் மந்தை காத்தவர்களுக்கு. அதைப் பாடிக்கொண்டு இப்படிப் போகிறோம் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

நேரமும் சரியில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடுக்கின்றன. போதாக்குறைக்கு அது அரையாண்டுத் தேர்வுக் காலம். நள்ளிரவு ஸ்பீக்கரை அக்கம்பக்கத்தார் சகித்துக்கொள்கிறார்கள் என்பதற்காக அதை நட்பென்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏழைகளுக்குச் சேலையும் போர்வையும் கொடுப்பது அடுத்த பழக்கம். தேவை இருக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மேடையேற்றி, கேமராவைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும்போது, வாங்குபவர் அந்தப் படத்துக்காக நிறுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். இப்படிப் படமெடுப்பதை இன்றே நிறுத்தலாம்.

இதற்கு மாறான வழிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. தென்மாவட்ட ஆலயப் பண்டிகைகளில் நடக்கும் அசனம் என்ற பொதுவிருந்தில் சோறும் குழம்பும் வாங்க எந்த மதத்தவரும் பாத்திரத்தோடு வரலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். பசித்தவர்களிடம் யாரும் பட்டியல் கேட்கவில்லை. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்பு நடந்தது அது.

கேரல் ரவுண்ட்ஸை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதியோர், நோயாளிகள் வீடுகளுக்கு ஸ்பீக்கர் இல்லாமல் நாலைந்து பேர் பகலில் போகட்டும். பெரிய குழு மாலை ஆறரைக்குத் தெருமுனையில் நின்று எல்லோருக்குமாகப் பாடட்டும். மதம் மாற்ற வருகிறார்கள் என்ற சந்தேகம் இன்று பல தெருக்களில் இருப்பதால், அங்கே துண்டுப்பிரதியும் காணிக்கைக் கவரும் வேண்டாம். முந்தைய நாளே அந்தத் தெருவின் கிறிஸ்தவக் குடும்பம் வீடுவீடாகப் போய், "நாளைக்குச் சாயங்காலம் முக்குல பாடுறோம்க்கா, பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிடலாம். தீபாவளிப் பலகாரமும் நோன்புக் கஞ்சியும் கைமாறும் தெருக்களில் அப்படிக் கூப்பிடுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.