எண்டர்பிரைஸ் கப்பலின் நாற்காலி யாருடையது?

பழைய அறிவியல் புனைவுத் தொடர்களில் வரும் நாற்காலி, விளக்கு, கரண்டி எல்லாம் எந்தக் கம்பெனி தயாரிப்பு, யார் வடிவமைத்தது என்று தேடிச் சேகரிக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். காட்சியை நிறுத்திவைத்து, அந்தக் காலத்து கேட்டலாக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. ரொம்பப் பொறுமை வேணும். ஆனா பெயர் கிடைச்சதும் பலரும் எழுந்து போயிடறாங்க. என் குறை அதுதான்.

‘ஸ்டார் டிரெக்’ முதல் தொடரை (1966–69) எடுத்துக்கொள்வோம். எண்டர்பிரைஸ் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவை ஈரோ சாரினனின் டியூலிப் நாற்காலிகள் என்று இன்றும் எழுதுகிறார்கள். இல்லை. சாரினன் 1950களில் நோல் நிறுவனத்துக்குச் செய்தது அசல். கப்பலில் இருப்பது டல்லாஸ் நகரத்து பர்க் நிறுவனம் அதே பாணியில் செய்தது. அதையும் செட்டுக்காகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். அடிப்பாகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சாரினனுடைய தண்டு வழிந்து வட்டமாகப் பரவும். பர்க்கின் பாதம் காற்றாடி இறக்கை மாதிரி பிரிந்து நிற்கும்.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேட்கலாம். சாரினன் என்று எழுதினால், உயர்ந்த நவீன வடிவமைப்பு விண்வெளிக்குப் போன கதை ஆகிறது. பர்க் என்று எழுதினால், அந்த வடிவம் 1966க்குள்ளேயே சாயல் எடுத்து விற்கும் அளவுக்குப் பரவிவிட்டது என்று தெரிகிறது. தொலைக்காட்சி காட்டிய 23ஆம் நூற்றாண்டு, கடையில் வாங்கக் கிடைத்த நிகழ்காலம்தான்.

அதே தொடரின் உப்புக் குடுவைக் கதை இன்னும் சுவாரசியம். முதலில் ஒளிபரப்பான ‘தி மேன் டிராப்’ அத்தியாயத்தில் உப்புக்கு ஏங்கும் ஒரு ஜந்து வரும். அதற்காக விசித்திர வடிவக் குடுவைகளை வாங்கி வந்தார்கள். பார்க்கிறவங்களுக்கு இது உப்புக் குடுவைன்னே புரியாதேன்னு சந்தேகம் வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிகிற குடுவையே உப்புக்குப் போனது. விசித்திரமானவை டாக்டர் மெக்காயின் சிகிச்சைக் கருவிகள் ஆயின. தன் பயன் என்னவென்று சொல்லாத பொருள்தான் எதிர்காலத்துப் பொருளாக நடிக்க முடியும்.

பிரிட்டிஷ் தொடரான ‘ஸ்பேஸ்: 1999’ வேறு வழியில் போனது. அதன் நிலவுத் தளத்தில் விக்கோ மஜிஸ்ட்ரெட்டி வடிவமைத்த ‘செலீனி’ நாற்காலி இருக்கிறது. கிரேக்க நிலவுத் தெய்வத்தின் பெயர். ஜான்கார்லோ மத்தியோலியின் காளான் வடிவ ‘நெஸ்ஸோ’ விளக்கும் உண்டு. இரண்டும் இத்தாலியின் ஆர்ட்டெமிடே தயாரிப்பு. இரண்டும் 1960களின் பிளாஸ்டிக். அச்சில் வார்த்து எடுத்தால் மூட்டுகூட இல்லாத வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கியது 1973 கடைசியில். எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் விலை ஏறியதும் அதே மாதங்களில்தான். அந்த நிலவுத் தளம் திரைக்கு வந்தபோது அதன் எதிர்காலம் ஏற்கெனவே பழசாகத் தொடங்கியிருந்தது. விளக்கின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் இது கண்ணில் படாது.

அதனால் சேகரிப்பாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான். பெயர், ஆண்டு, நிறுவனத்தோடு இன்னும் மூன்று வரி எழுதுங்கள்: அன்றைக்கு அதை யார் வாங்கினார்கள், செட்டில் எதை மாற்றினார்கள், திரையில் அது என்னவாக நடித்தது. அசலா நகலா என்பதையும் மறக்காமல் குறியுங்க. சாரினன் பெயரைப் போட்டுட்டா பர்க் காணாமப் போயிடும்.