கொல்லைவாசலில் நின்ற காவல்

கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கலாம் என்று 2020 மார்ச் 28 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவசர அனுமதி அளித்தது. ஜூன் 15 அன்று அதைத் திரும்பப் பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மார்ச் மாதத்திலேயே மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக அந்த மருந்தைப் பரிந்துரைத்திருந்தது. இந்த நம்பிக்கைக்குப் பெரிய ஊன்றுகோலாக இருந்தது, வீரோ ஈ6 செல்களில் குளோரோகுயின் புதிய கொரோனா வைரஸைத் தடுக்கிறது என்ற வூஹான் ஆய்வு. அந்த ஆய்வில் பொய் எதுவும் இல்லை. சிக்கல் அந்தச் செல்லில் இருந்தது.

வீரோ, 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவான செல் வரிசை. வைரஸ் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கும் இன்டர்ஃபெரானை அதனால் சுரக்க முடியாது. அதனால் பலவகை வைரஸ்கள் அதில் செழித்து வளர்கின்றன. இதைக் குறை என்று மட்டும் சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகிவிடும். 2003இல் சார்ஸ் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பியை வீரோ ஈ6 செல்களிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கோவாக்சினும் வீரோ செல்களில் வளர்ந்த வைரஸிலிருந்து வந்தவை.

ஆனால் வைரஸை வளர்ப்பது வேறு, அது நுழையும் வழியை அறிவது வேறு. கொரோனா வைரஸ் ஏசிஇ2வைப் பற்றிக்கொண்டால் மட்டும் போதாது. அதன் ஸ்பைக் புரதத்தை ஒரு நொதி வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் வைரஸின் உறை செல்லின் சவ்வோடு கலக்கும். மனிதனின் சுவாசப்பாதைச் செல்லில் இந்த வேலையை மேற்பரப்பிலேயே செய்துமுடிக்க டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருக்கிறது, அதுதான் முன்வாசல். வீரோ செல்லில் அந்த நொதி அநேகமாக இல்லை. அங்கே வைரஸ் எண்டோசோம் என்னும் சிறு பைக்குள் விழுங்கப்பட்டு, அதன் அமிலச் சூழலில் செயல்படும் வேறொரு நொதியின் உதவியோடு கொல்லைவாசல் வழியாக வருகிறது. குளோரோகுயின் அந்த அமிலத்தைத் தணிக்கும், கொல்லைவாசல் அடைபடும். விலங்கு வைரஸ்கள் சில இப்படி அமிலப் பையின் வழியாகத்தான் நுழைகின்றன என்று 1980இல் ஹெலீனியஸ் குழு காட்டியபோது, கையாண்ட மருந்துகளில் ஒன்று இதே குளோரோகுயின்தான்.

2020 ஜூலையில் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் அதே சோதனையைக் கலு-3 என்ற மனித நுரையீரல் செல்லில் செய்தார்கள். மருந்து வைரஸைத் தடுக்கவில்லை. அதற்குள் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு நோயாளிகளிடமே விடையைக் கண்டிருந்தது: மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம் பேரும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள்.

என்னை உறுத்துவது தேதிதான். டிஎம்பிஆர்எஸ்எஸ்2வின் பங்கை அதே கோட்டிங்கன் குழு மார்ச் முதல் வாரத்திலேயே வெளியிட்டுவிட்டது. அமெரிக்க அனுமதி வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. அந்த இடைவெளியில், “வீரோவில் இந்த நொதி இருக்கிறதா?” என்ற கேள்வி மருந்தைப் பரிந்துரைத்தவர்களின் முடிவை எட்டவில்லை. செல்லைக் குறை சொல்லிப் பயனில்லை; எந்தச் செல்லில் கிடைத்த விடை என்று கேட்காமல் அதை நோயாளியின் படுக்கை வரை கொண்டுபோனதே பிழை.

இந்தப் பாடம் புதிதும் அல்ல. தட்டம்மை வைரஸின் ஏற்பி சிடி46 என்று 1993இல் கண்டார்கள். ஆனால் அது ஆய்வகச் செல்களில் பல தலைமுறை வளர்ந்து பழகிய எட்மன்ஸ்டன் வகையின் ஏற்பி. நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ் வீரோவில் எளிதில் வளராமல், பி95ஏ என்ற மார்மோசெட் குரங்குச் செல்லில் நன்றாக வளர்ந்தது. அந்த வேறுபாட்டை ஜப்பானின் யானாகி குழு பற்றிக்கொண்டதால்தான், நோய் எதிர்ப்புச் செல்களின் மேலுள்ள ஸ்லாம் என்ற உண்மையான ஏற்பி 2000இல் தெரியவந்தது. தட்டம்மை வந்த குழந்தை ஏன் மற்ற நோய்களுக்கும் எளிதில் இரையாகிறது என்பதும் அதனால் இன்னும் துலங்கியது.

மனித மூச்சுக்குழல் செல்களைக் காற்றுபட வளர்க்கும் முறை இன்று இருக்கிறது. செலவு அதிகம், தானம் தந்தவருக்கேற்ப முடிவு மாறும், செல்கள் பக்குவப்பட மூன்று நான்கு வாரம் ஆகும். பெருந்தொற்றின் நடுவே அது நீண்ட காலம்தான். கலு-3க்கோ அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. அதில் ஒரு தொற்றுச் சோதனை சில நாள் வேலை.