சமப்பட்ட கணக்கும் சரியான கணக்கும்

அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸும் டீசலும் கடனுக்குக் கொடுக்கும் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். படகு கடலுக்குப் போகும்போது சிட்டை எழுதப்படும்; மீன் விற்ற பிறகு காசு வரும். ஒரு சிட்டையின் தொகை 54,000 ரூபாய். விற்பனை நாளேட்டில் அது சரியாக ஏறியது. படகுக்காரரின் தனிக்கணக்கில் மட்டும் 45,000 என்று விழுந்துவிட்டது. மாத முடிவில், எல்லாக் கடன்பட்டோரின் மொத்தத்தையும் காட்டும் கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கின் மீதியைத் தனிக்கணக்குகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் 9,000 ரூபாய் இடிக்கும். வித்தியாசம் ஒன்பதால் மிச்சமின்றிப் பிரிபட்டால், இலக்கங்கள் இடம்மாறியிருக்கலாம் என்று பழகிய கணக்கப்பிள்ளை உடனே சந்தேகிப்பார்.

கட்டுப்பாட்டுக் கணக்கின் பலம் இதுதான். பிழையைத் தேட வேண்டிய இடத்தை அது சுருக்கித் தருகிறது. எல்லாக் கணக்குகளின் வரவு, செலவு மீதிகளையும் ஒப்பிடும் பரீட்சை மீதி காணாததையும் அது காணும். விற்பனை நாளேட்டின் மொத்தத்தையே குறைத்துக் கூட்டிவிட்டால் விற்பனைக் கணக்கும் கட்டுப்பாட்டுக் கணக்கும் ஒரே அளவு குறையும். பரீட்சை மீதி சமப்பட்டே நிற்கும். தனிக்கணக்குகளின் பட்டியலோடு ஒப்பிடும்போதுதான் குட்டு வெளிப்படும். தனிக்கணக்கை ஒருவரும் கட்டுப்பாட்டுக் கணக்கை இன்னொருவரும் எழுதினால், பிழையோடு களவுக்கும் அது தடையாகும்.

ஆனால் அது மொத்தத்தைத்தான் காக்கும், மனிதரைக் காக்காது. அம்பாறைக் கரையோர ஊர்களில் ஒரே பெயரில் பலர் இருப்பது வழமை. ஒருவர் வாங்கிய டீசல் அதே பெயருள்ள மற்றவரின் கணக்கில் ஏறினால் மொத்தம் துளியும் மாறாது. கட்டுப்பாட்டுக் கணக்கு ஒத்துப்போகும், பரீட்சை மீதி சமப்படும். வாங்காத கடனுக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும். சிட்டையே எழுதாமல் விட்டாலும் இந்த இரண்டு காவலும் வாய் திறக்காது.

இனித் தொங்கல் கணக்கு. பரீட்சை மீதி சமப்படாதபோது வித்தியாசத்தை அதில் போட்டுவிட்டு, பிழைகள் அகப்பட அகப்படப் பொது நாளேட்டின் வழியே திருத்துகிறோம். எண்களைச் சுரண்டி அழிக்காமல், “இது இன்னும் தெரியவில்லை” என்று ஏட்டிலேயே ஒப்புக்கொள்வது நேர்மையான ஏற்பாடு. அந்த இடம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைப் பிரித்தானியாவின் உப தபாலதிபர்கள் அனுபவித்தார்கள். 1999இல் தபால் கிளைகளில் பரவத் தொடங்கிய ஹொரைசன் கணினி முறை, இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. சர்ச்சைக்குரிய வித்தியாசத்தைக் கிளையிலேயே தொங்கல் கணக்கில் வைக்கும் வசதி 2005ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டது. பணத்தைக் கட்டு, இல்லையேல் கடனாக ஏற்றுக்கொள் என்பவையே திரையில் எஞ்சின. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெற்றனர். அத்தீர்ப்புகளைத் துடைக்க 2024இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

மறுபக்கமும் அதே அளவு கொடியது. சிங்கப்பூரில் பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன் 1992இல் 88888 என்ற இலக்கத்தில் ஒரு பிழைக் கணக்கைத் திறந்தார். சிறு வியாபாரப் பிழைகளைத் தீரும்வரை வைப்பதே அத்தகைய கணக்கின் வேலை. அவர் அதில் நட்டங்களை ஒளித்தார். 1995 பெப்ரவரியில் 82 கோடி பவுணைத் தாண்டிய நட்டத்தோடு, 1762இல் தொடங்கிய வங்கி விழுந்தது. வியாபாரமும் கணக்கு முடிப்பும் ஒரே கையில் இருந்ததால் தொங்கியதை எவரும் கேள்வி கேட்கவில்லை.

கட்டுப்பாட்டுக் கணக்கும் தொங்கல் கணக்கும் தொடாத பிழையும் உண்டு: தவறான வகைக் கணக்கில் பதியும் கோட்பாட்டு வழு. இதற்கு ஒலுவில் துறைமுகமே நல்ல பாடம். டென்மார்க்கின் நிதியுதவியோடு 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட இத்துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. அயலில் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. முதன்முதலில் ஆழப்படுத்தும் செலவு சொத்தின் கிரயத்தில் சேரும். இருந்த ஆழத்தை மீட்க ஆண்டுதோறும் மணல் அள்ளுவது அந்த ஆண்டின் பராமரிப்புச் செலவு. எந்தத் துறைமுகமானாலும் இரண்டாவதையும் சொத்தாக எழுதினால் இலாபம் கூடித் தெரியும், சொத்து வீங்கும். வரவும் செலவும் சமம். தொங்கல் கணக்கோ பூச்சியம். ரூபாய்க் கணக்கில் மிகப் பெரியதாக இருக்கக்கூடிய பிழை, ஏட்டில் ஒரு சலனத்தையும் எழுப்பாது. மீனவர் இழந்த கரையோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே இம்முறைகளைக் கைவிடச் சொல்லவில்லை. அவற்றின் எல்லையோடு கற்பிக்கச் சொல்கிறேன். உயர்தர வகுப்பில் தொங்கல் கணக்கு பூச்சியமானதும் வினா முடிந்துவிடுகிறது. எந்த வழு இன்னும் ஒளிந்திருக்கக்கூடும் என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடையிலும் அலுவலகத்திலும் தொங்கலில் நிற்கும் ஒவ்வொரு தொகைக்கும் திகதி, சிட்டை இலக்கம், பொறுப்பாளர், தீர்க்கும் தவணை நான்கும் இருக்கட்டும். யார் வைப்பிட்டது என்று தெரியாத வங்கிப் பணத்துக்கும் இதே விதிதான். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கடன்பட்டவர் கையிலும் அவரவர் நிலுவைக் கூற்று போய்ச் சேரட்டும். தான் வாங்காத டீசலைத் தன் கணக்கில் கண்டுபிடிக்க அந்தப் படகுக்காரரைவிடத் தகுதியான கணக்காய்வாளர் வேறெவரும் இல்லை.