நிறுத்தச் சொல்ல ஒருவர் வேண்டும்

2011 அக்டோபரில் ஹவாய் தீவின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் நெடுந்தூர ட்ரையத்லான்) உலக சாம்பியன்ஷிப்பில், உடம்பு முழுதாகத் தேறாத நிலையில் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு வீராங்கனைகள் கடலில் இறங்கினார்கள். ஒருவர் கிறிஸ்ஸி வெலிங்டன். போட்டிக்குச் சுமார் இரண்டு வாரம் இருக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து தோல் உரிந்து, புண்ணில் தொற்றும் சேர்ந்துகொண்ட நிலை. நீச்சலில் வழக்கத்தைவிட வெகுவாகப் பின்தங்கினார். ஆனாலும் 8 மணி 55 நிமிடம் 8 விநாடிகளில் முடித்து நான்காவது முறையாகப் பட்டத்தைக் கைப்பற்றினார். இன்னொருவர் ஜூலி டிபென்ஸ். முந்தைய ஆண்டு அதே கோனாவில் மூன்றாம் இடம் பிடித்தவர். அன்று சைக்கிளில் முன்னணியில் இருந்தவர், ஓட்டத்தில் பாதம் தாங்காமல் போட்டியைக் கைவிட்டார்.

வெலிங்டனின் வெற்றியைக் காட்டி, வலியைத் தாங்குபவரே சாம்பியன் என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த இருவருக்கும் இருந்தது வேறு வேறு வகைக் காயம். உரிந்த தோல் எரியும், உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். அதற்காக 42.2 கிலோமீட்டர் ஓடுவதால் அந்தப் புண் பெரிதாகப் பெருகிவிடாது. பாதத்தின் கதை அப்படியல்ல. உடம்பின் எடை அடிக்கு அடி அதன்மேல்தான் விழுகிறது. ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தக் காயத்தில் புதிதாகச் சேரும் சேதம். எந்த வலியோடு ஓடலாம், எந்த வலியோடு ஓடக்கூடாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ட்ரையத்லானில் ஆகக் கடினமான வேலை. அந்த வேலையைக் காயம்பட்டவரே செய்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. அவர் பிறருக்குப் பயிற்சி கொடுப்பவராக இருந்தாலும் முடியாது. பயிற்சி கொடுப்பவராக இருந்தால் இன்னும் முடியாது.

ட்ரையத்லானுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. மராத்தான் வீரருக்குக் கால் எலும்பில் கீறல் விழுந்தால் அவருடைய வேலை அன்றோடு நின்றுவிடும். ட்ரையத்லான் வீரருக்கு நிற்காது. கால் சரியில்லையா, நீச்சல் இருக்கிறது. தோள் பிடித்துக்கொண்டதா, சைக்கிள் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் குறையாமல் உழைத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் வலி சற்றுத் தணியும். மூச்சு நன்றாக இருக்கிறது, கால் லேசாக இருக்கிறது, ஓடிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். எலும்பு நிலவரம் அப்போது வேறாக இருக்கும். அழுத்தத்தால் விழுந்த கீறலைப் பழுதுபார்க்கும்போது உடம்பு முதலில் சேதமான பகுதியைக் கரைத்து அகற்றுகிறது. புது எலும்பு அதன் பிறகுதான் படிகிறது. நடுவில் இருக்கும் வாரங்களில் அந்த இடம் முன்னைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். வலி குறைந்ததை வைத்து எலும்பு கூடிவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

டிபென்ஸ் சாதாரண வீராங்கனை இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர். காட்டுப் பாதையில் நடக்கும் எக்ஸ்டெரா ட்ரையத்லானில் 2007, 2008, 2009 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக சாம்பியன். 2009-ல் அரை அயர்ன்மேன் எனப்படும் 70.3 தூரத்திலும் உலகப் பட்டம். அப்படிப்பட்டவரின் போட்டி வாழ்க்கை அந்தப் பாதத்தோடு முடிந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரில் இருந்துகொண்டு பயிற்சியாளரானார். அவருடைய மாணவர் ஒருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், போட்டியும் கோச்சிங்கும் ஒன்றாக ஓடுமா என்ற கேள்வியைப் பார்த்துவிடலாம்.

ஓடும். அதற்கு அயர்ன்மேனின் பழைய வீரர் ஒருவரே சாட்சி. டேவ் ஸ்காட் 1980-ல் முதல்முறை வென்றபோது கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பெரியவர்களுக்கு நீச்சல் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். அதன்பின் ஆறு பட்டங்கள் வரை சென்றார். 1989-ல் மார்க் ஆலனோடு கடைசிவரை ஒட்டி ஓடி ஒரு நிமிடத்துக்குள் தோற்றார். 1994-ல் நாற்பது வயதில் திரும்பி வந்து இரண்டாம் இடம். 1996-ல் 42 வயதில் ஐந்தாம் இடம். பிற்காலத்தில் வெலிங்டனுக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவர்தான். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதால் ஒருவருடைய ஆட்டம் கெட்டுவிடும் என்பதை ஸ்காட்டின் வாழ்க்கை மறுக்கிறது. சொல்லப்போனால், நூறு பேருடைய கைவீச்சைத் திருத்துபவருக்குத் தன் கைவீச்சு இன்னும் தெளிவாகப் புரியும்.

சிக்கல் வருவது காயத்தின்போது. அதை விளங்கிக்கொள்ள, காயத்திலிருந்து மீண்டுவரும் ஒரு கோச்சின் நாளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து நீச்சல் குளத்துக்குப் போகிறார். ஒன்றரை மணி நேரம் குளத்தங்கரையின் சிமென்ட் தரையில், ரப்பர் செருப்போடு, அங்கும் இங்கும் நடக்கிறார். நீந்துபவர் திரும்பும் இடத்தில் குனிந்து கத்துகிறார், அடுத்த லேனுக்கு ஓடுகிறார். காலையில் இரண்டு பேரின் சைக்கிளைப் பின்தொடர்ந்து ஸ்கூட்டரில் போகிறார். பகலில் பத்து இருபது பேருக்கு அடுத்த வாரத்து அட்டவணை எழுதுகிறார். மாலையில் மைதானம். அங்கே ஒருவருக்கு முழங்காலைத் தூக்கி ஓடும் பயிற்சி பிடிபடவில்லை. “இங்கே பாருங்க, இப்படி” என்று சொல்லி, வார்ம்-அப் இல்லாத காலோடு, குணமாகிக்கொண்டிருக்கும் அந்தக் காலோடு, இருபது மீட்டர் துள்ளிக் காட்டுகிறார்.

அன்றைய தேதியில் அவருடைய பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். ‘ஓய்வு’ என்றிருக்கும்.

என்னை உறுத்துவது அந்த ஒற்றைச் சொல்தான். பயிற்சிச் சுமையை அளக்க எளிமையான ஒரு முறையை அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் கொடுத்திருக்கிறார். பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, அதை நிமிடத்தால் பெருக்க வேண்டும். மதிப்பெண் ஆறு, நேரம் அறுபது நிமிடம் என்றால் சுமை 360. இன்று மணிக்கட்டில் கட்டும் கடிகாரங்கள் எத்தனையோ கணக்குச் சொல்கின்றன, ஆனாலும் கோச்சுகள் பலர் இன்னும் இதைத்தான் மாணவர்களுக்குப் போடுகிறார்கள், அது சரியும்கூட. ஆனால் குளத்தங்கரையில் நின்ற ஒன்றரை மணி நேரத்துக்கு மதிப்பெண் இரண்டே போட்டாலும் 180 வரும். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 900. மேலே சொன்ன அறுபது நிமிடப் பயிற்சியை இரண்டரை தடவை செய்வதற்குச் சமம். பாதமும் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் குணமாக வேண்டியவருக்கு இது சின்னச் சுமை இல்லை. எந்த மாணவராவது காயத்தோடு வந்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், அதே கோச் முதலில் நாற்காலி போட்டு உட்காரத்தான் சொல்லுவார்.

தூக்கமும் இதில் சேர வேண்டும். திசுக்கள் தேறுவது தூங்கும் நேரத்தில்தான் அதிகம். கோச்சிங் தொழிலோ விடிகாலையையும் இரவு எட்டு மணிக்குப் பிந்தைய நேரத்தையும் விழுங்குகிறது. மாணவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பார்கள்.

இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. கோச் போட்டியில் ஓடுவதை மாணவர்கள் பார்க்கிறார்கள். போன மாதம் நம்மோடு ஓடியவர் இந்த மாதம் ஏன் ஓடவில்லை என்று கேட்கிறார்கள். அவருடைய பெயர் முடிவுப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் புதியவர்கள் சேருகிறார்கள். ஒரு போட்டியைத் தவறவிட்டால் வருமானமே குறையுமோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால் மாணவருக்கு எட்டு வாரம் என்று தயங்காமல் சொல்பவர் தனக்கு ஐந்து வாரம் என்று கணக்குப் போடுகிறார். இதை நான் பலவீனம் என்று சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாட்டையும் காயத்தையும் ஒரே தராசில் வைத்துத் தனியாளாக நிறுக்கச் சொன்னால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

இப்போது அந்த மாணவருக்கு வருகிறேன். டிம் டான். 2006-ன் ஒலிம்பிக் தூர உலக சாம்பியன், மூன்று ஒலிம்பிக் கண்டவர். 2017 மே மாதம் பிரேசிலின் ஃப்ளோரியனோபொலிஸில் 7 மணி 40 நிமிடம் 23 விநாடிகளில் அயர்ன்மேன் தூரத்தை முடித்து, அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் போட்டிகளில் அதற்கு முன்பிருந்த அதிவேக நேரத்தை நான்கு நிமிடங்களுக்கு மேல் தகர்த்தார். அவருக்குப் பயிற்சியாளர் ஜூலி டிபென்ஸ். அந்த அக்டோபரில் கோனா போட்டிக்குச் சில நாட்களே இருக்கும்போது, சைக்கிள் பயிற்சியில் இருந்தவரை ஒரு வண்டி மோதியது. கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பு முறிந்தது.

எலும்புகளை அறுவை செய்து இணைத்துவிடலாம் என்பது ஒரு வழி. கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி, மேலிருந்து முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் அன்றாட வாழ்க்கை நடக்கும். நீச்சலில் மூச்செடுக்கத் தலையைத் திருப்ப வேண்டும், சைக்கிளில் முன்பக்கமாகக் குனிந்து படுத்தபடி தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க வேண்டும். அது சிரமம். ஆகவே டான் ஹேலோ என்ற சட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். தலையைச் சுற்றி ஓர் உலோக வளையம், அதை மண்டையோட்டில் பிடித்து நிறுத்த நான்கு திருகாணிகள், அங்கிருந்து மார்புக் கவசத்துக்கு இறங்கும் கம்பிகள். மூன்று மாதம் அதோடு இருந்தார். படுத்துத் தூங்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார். சட்டத்தைக் கழற்றும் முன்பே நிலைச் சைக்கிளில் மிதிக்கவும் ஆரம்பித்தார்.

2018 ஏப்ரலில் மழையும் குளிரும் அடித்துப்போட்ட பாஸ்டன் மராத்தானில் 2 மணி 49 நிமிடம் 42 விநாடிகளில் ஓடி முடித்தார். ஜூனில் கோஸ்டாரிகாவில் நடந்த 70.3 போட்டியை வென்றார். அக்டோபரில் மறுபடி கோனா. 8 மணி 45 நிமிடம் 17 விநாடிகள், 36-வது இடம். அன்று வென்ற பேட்ரிக் லாங்கேயின் நேரம் 7 மணி 52 நிமிடம் 39 விநாடிகள். இடைவெளி ஏறக்குறைய 53 நிமிடம்.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. முதலில் திரும்பியது ஓட்டம். அடுத்து அரைத்தூரப் போட்டி. முழுத்தூரம் கடைசிவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கழுத்தை நிமிர்த்திப் பிடித்து 180 கிலோமீட்டர் படுத்தபடி மிதிப்பது, ஆறு மாதத்தில் மராத்தான் ஓடுவதைவிடக் கடினமான சவால் என்பது என் கணிப்பு. ஓடத் தெம்பு வந்ததால் உடம்பு முழுவதும் வந்துவிட்டது என்று அவரை யாரும் உடனே முழு அயர்ன்மேனுக்குள் தள்ளவில்லை. மராத்தான், அரைத்தூரம், அதன் பிறகே முழுத்தூரம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். 36-வது இடத்தைத் தோல்வியாகப் படிப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

அவரைச் சுற்றி டாக்டர்கள் இருந்தார்கள், பிசியோ இருந்தார், அட்டவணையைப் பிடித்துக்கொள்ள டிபென்ஸ் இருந்தார். தன் பாதத்தால் பாடம் கற்றவர், மாணவரின் கழுத்தை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். 2011-ல் தனக்கே முடிவெடுத்துக்கொண்டு கடலில் இறங்கிய வீராங்கனையையும், 2018-ல் இன்னொருவருக்காக முடிவெடுத்த பயிற்சியாளரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அறிவும் அனுபவமும் மட்டும் போதாது என்பது தெளிவாகிறது. வலி தன் உடம்பில் இல்லாதவரால்தான் அதைச் சரியாக எடைபோட முடிகிறது.

இதற்கு ஒரு முற்றான மாற்றும் இருக்கிறது. 2001-ன் உலக சாம்பியன் சிரி லிண்ட்லி, உச்சியில் இருக்கும்போதே போட்டியை விட்டுவிட்டுக் கோச்சிங்கில் முழுதாக இறங்கினார். 2010-ல் கோனாவை வென்ற மிரிண்டா கார்ஃப்ரே அவருடைய மாணவி. துணிச்சலான முடிவு. எல்லோருக்கும் அது பொருந்தாது, எல்லோரும் அப்படி விட வேண்டிய அவசியமும் இல்லை.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. 2019-ல் கோவாவில் 70.3 தொடங்கிய பிறகு சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ட்ரையத்லான் பழகுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தாங்களும் போட்டியில் ஓடுகிறவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், முன்னால் போகும் சைக்கிள் குழுவை இழுத்துச் செல்பவர் கோச்சாக இருப்பார். முழங்காலில் டேப் ஒட்டியிருப்பார்.

அந்தக் கோச்சுகளிடம் ஒரு வேண்டுகோள். காயம் குணமாகும்வரை உங்கள் பயிற்சி அட்டவணையை நீங்களே எழுதாதீர்கள். வேறு குழுவின் கோச்சிடம் கொடுங்கள், அவருடையதை நீங்கள் எழுதிக்கொடுங்கள். பணம் கைமாற வேண்டியதில்லை. குளத்தங்கரையில் நின்ற நேரத்தையும் அதில் குறியுங்கள், செய்து காட்டிய துள்ளல்களையும் குறியுங்கள். செய்து காட்டும் வேலையை ஒரு மூத்த மாணவரிடம் விட்டுவிடுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை உங்கள் கோச் நொண்டிக்கொண்டு வந்தால், போட்டியில் ஓடுகிறீர்களா என்று கேட்க வேண்டாம். ஒரு நாற்காலியை எடுத்துக் குளத்தங்கரையில் போடுங்கள்.