மாலையும் ஒத்திகையும்

இளம் இசையமைப்பாளர்களுக்கென ஸ்டுட்கார்ட் நகரம் 1955இல் தொடங்கிய பரிசு, 1968இல் ஹெல்முட் லாகென்மனுக்குக் கிடைத்தது. 1974இல் வோல்ஃப்காங் ரீமுக்கு. வாத்தியத்தின் ‘அழகான’ தொனியை மறுத்து வில்லின் உரசலையும் மூச்சையும் இசையாக்கியவர் லாகென்மன். ரீமோ, விலக்கப்பட்டிருந்த உணர்ச்சிப் பெருக்கை மறுபடி உள்ளே கொண்டுவந்தவர். ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு அழகியல்களுக்கும் ஒரே நகரம் மாலை போடுகிறது. கலகத்தை நிறுவனம் இப்படித்தான் செரித்துக்கொள்ளும் என்று நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை. சந்தையில் இந்த இசைக்கு எவன் காசு கொடுப்பான்? பொதுப்பணம் இல்லையென்றால் இந்த மறுப்பு காகிதத்திலேயே கிடந்திருக்கும்.

என் சண்டை வேறு. தென்மேற்கு ஜெர்மனியின் பொது வானொலி 2016இல் தன் இரண்டு சிம்பொனி இசைக்குழுக்களைச் செலவைக் காட்டி ஒன்றாக்கிவிட்டது. அதிலொன்று 1950 முதல் டோனாவெஷிங்கன் விழாவில் புதிய படைப்புகளை வாசித்த குழு. பரிசு நகரத்துடையது, குழு வானொலியுடையது, சரிதான். ஆனால் எழுதுகிற பிள்ளைக்கு இரண்டும் வேணுமே! பரிசு கொடுப்பது மலிவு, போட்டோவும் பிடிச்சுக்கலாம். அத்தனை வாத்தியக்காரர்களை நாள்கணக்கில் ஒத்திகைக்கு உட்காரவைப்பதுதான் செலவு. அங்கேதான் கணக்குப் புத்தகத்தை நீட்டுறாங்க.