ஒத்து கேட்ட காது

பேக்பைப் என்றதும் ராணுவ அணிவகுப்பு ஞாபகம் வரும்; பெரியவர்களுக்கோ அது துரைமார் சங்கீதம். இரண்டையும் மறந்துவிட்டுக் கேளுங்கள். இதற்கு வேண்டிய காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோயில் திருவிழாவில் நாயனக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை விடாமல் ஊதுவாரே ஒத்துக்காரர், அவர் பழக்கிவிட்ட காது அது.

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பைப்பில் தோள்மேல் சாய்ந்திருக்கும் மூன்று நீளக் குழல்களும் ஒத்துதான். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு அந்த ஆதார சுருதியை மட்டும் பிடியுங்கள். பொல்பிட்டியக்காரர்களுக்கு இது சிரமமே இல்லை: கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் இரைச்சலுக்கு மேலேதானே அங்கே எல்லாப் பேச்சும் நடக்கிறது!

பிறகு மெட்டுக்கு வாருங்கள். விரல் ஓடும் குழலில் மொத்தமே ஒன்பது சுரங்கள். வரிசை ஏறக்குறைய ஹரிகாம்போஜி. ஆனால் ஹார்மோனியக் கட்டையோடு ஒத்துப்போகாது, அபசுரம் என்று முகம் சுளிக்காதீர்கள். பையில் காற்று இருக்கும்வரை ஒலி நிற்காது, மெல்லவும் உரக்கவும் ஊத வழியில்லை. அப்படியானால் ஒரே சுரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை எப்படி வாசிப்பது? நடுவில் வேறொரு சுரத்தைக் கண்சிமிட்டும் நேரம் தெறித்துவிடுகிறார்கள். இந்தத் தெறிப்புகளைக் காது பிரித்தெடுக்கத் தொடங்கிவிட்டால் பிறகு பைப் வெறும் கூச்சலாகக் கேட்காது. இவற்றைச் சொல்லித்தர ‘கான்டரஹ்க்’ என்ற வாய்ப்பாடமும் உண்டு, நம் தவில்காரர்களின் சொற்கட்டுக்குத் தூரத்து உறவு.

அயர்லாந்தின் இல்லன் பைப் வேறு மாதிரி. வாயால் ஊதுவதில்லை, உட்கார்ந்து, கக்கத்தில் துருத்தியை இடுக்கி முழங்கையால் அமுக்குவார்கள். குரல் மென்மையானது, வீட்டுக்குள் வைத்துக் கேட்கலாம். கிட்டாருக்கு ஏற்ற ஜோடி இதுதான்.

கிட்டார் இந்த இசைக்குள் வந்தது பிந்தித்தான். 1960களின் தொடக்கத்தில் மொரோக்கோ போய்வந்த டேவி கிரகாம் தந்திகளை வேறுவிதமாகச் சுருதி கூட்டினார். நம் கணக்கில் அது ச ப ச ம ப ச. காந்தாரமே இல்லாததால் தம்புராவைப் போல எந்த மெட்டுக்கும் இடம் விடும். 1975இல் வந்த ‘த பாத்தி பேண்ட்’ குழுவின் முதல் இசைத்தட்டில் பாடி கீனனின் பைப்புக்கு மீஹால் ஓ டோனலின் கிட்டார் எப்படித் தரை போடுகிறது என்று கேளுங்கள். ஒரு முறை பைப்பை மட்டும், மறுமுறை கிட்டாரை மட்டும்.

‘பாத்தி’ என்றால் என்ன தெரியுமா? பண்ணைக் கூலிகள் கூட்டமாகத் தங்கிய குடில். நம் தோட்டத்து லயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் அந்தக் குடில்களில் பிறந்த பாட்டுகள், எஜமானின் கஞ்சத்தனத்தையும் மோசமான சாப்பாட்டையும் பெயர் சொல்லியே திட்டின. ஹட்டனுக்குப் பெயர் கொடுத்த ஊர் அதே அபர்டீன்ஷயரில்தான் இருக்கிறது. கினிகத்தேனைக்குப் பக்கத்து அருவிக்கும் அபர்டீன் என்றுதான் பெயர். துரையையும் கங்காணியையும் வைத நம் பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளை தேடிச் சேர்த்தது போல, அங்கே கேவின் கிரெய்க் என்ற பள்ளி ஆசிரியர் நண்பரோடு சேர்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைத் திரட்டினார். துரைமார் ஊரிலிருந்து வந்ததாலேயே இது துரைமார் சங்கீதம் ஆகிவிடாது.

கடைசியாகத் தாளம். ‘ஜிக்’ மும்மூன்றாகத் துள்ளும்; ‘ரீல்’ நந்நான்காக ஓடும். எனக்குப் பிடித்தது ‘ஸ்ட்ராத்ஸ்பே’: ரீலைவிட நிதானம், நடுநடுவே குறில் முந்தி, நெடில் பிந்தி, ‘தகா, தகா’ என்று ஒரு வெட்டு. அப்கொட் பக்கம் போகிறவர்கள் இந்தப் பெயரைத் தோட்டத்துப் பலகையில் பார்த்திருப்பீர்கள். ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் அது. தாளத்துக்கும் அங்கிருந்துதான் பெயர். அடுத்த தடவை பஸ் அந்தப் பலகையைத் தாண்டும்போது முன்சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிப் பாருங்கள். தப்பு கேட்டு வளர்ந்த கைக்கு அந்த வெட்டு மூன்றாவது தட்டிலேயே வந்துவிடும்.